மந்திரி இறுதியாட்டம்: இடைநிலை ஆட்டக்காரர்க்கு ஒரு பயிற்சிப் பாடம்

சதுரங்கம் பயிலும் மாணவர் பலர் ஆட்டத்தின் தொடக்கத்தைப் பெருவிருப்போடு கற்பர். முதற் பத்து நகர்த்தல்களை மனப்பாடஞ் செய்து பிழையின்றி ஒப்புவிப்பர். நடுவாட்டத்திலே காய்களை வெட்டிப் பொருதுவதிலும் அவர்க்கு ஆர்வம் மிகுதி. ஆயின், பலகையிற் காய்கள் குறைந்து, இருபுறத்தும் ஓர் அரசனும் ஒரு மந்திரியும் சில காலாட்களும் மட்டும் எஞ்சி நிற்கும் வேளையில் அவர்தம் ஊக்கம் தளர்ந்துவிடுகின்றது. "இனி என்ன இருக்கிறது?" என்று கைகொடுத்து எழுவாரும் உளர். வெல்லவேண்டிய ஆட்டத்தைச் சமநிலையாக விடுவாரும், காக்கவேண்டிய ஆட்டத்தைத் தோற்பாரும் உளர். கல்லூரிகளுக்கிடையே நிகழும் போட்டிகளில் மூன்று மணிநேர உழைப்பு இறுதி அரைமணியில் வீணாதலைக் கண்டோர் இதனை நன்கறிவர். அணியின் வெற்றி பல வேளைகளில் அந்த அரைப் புள்ளியிலேயே தங்கியிருக்கின்றது.

இக்குறையை நீக்குவதற்குப் பெருநூல்கள் பலவற்றைக் கற்கவேண்டுவதில்லை. ஆறு நிலைகளைத் தன் கையாலேயே பலகையில் வைத்து, இருபக்கமும் மாறி மாறி ஆடிப் பழகினால் போதும். மந்திரி இறுதியாட்டத்தில் வெற்றியும் தோல்வியும் காலாட்களின் எண்ணிக்கையால் மாத்திரம் அமைவதில்லை. நிறத்தாலும் இடத்தாலும் காலத்தாலும் அவை அமைகின்றன. திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்குக் கூறிய அம்மூன்று அறிவும் சதுரங்கப் பலகையின் அரசனுக்கும் வேண்டியனவே. பாடத்தின் வசதி நோக்கி வலி, இடன், காலம் என்னும் முறையில் அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

காயும் பெயரும்

ஆங்கிலர் பிஷப் எனக் கூறும் காயை இக்கட்டுரையில் மந்திரி என்போம். குயின் என்பதை அரசி என்றும், பான் என்பதைக் காலாள் என்றும் வழங்குவோம். நம்மவருள் முதியோர் சிலர் அரசியையே மந்திரி என்பர். ஆதலின் இப்பெயர் விளக்கம் வேண்டியதாயிற்று.

பண்டை இந்தியச் சதுரங்கத்தில் இக்காய் யானையாக இருந்தது. பாரசீகம் வழியாக அராபியரிடம் சென்றபோதும் யானை என்னும் பொருள்பட 'அல் பீல்' என்றே வழங்கிற்று. இஸ்பானியர் இன்றும் அச்சொல்லின் வழிவந்த 'அல்பில்' என்னும் பெயராலேயே இதனை அழைக்கின்றனர். அராபியர் ஆடிய அக்காய் மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்திற்குத் தாவிச் செல்லும். அவ்வாறு எத்துணை முறை தாவினும் பலகையின் 64 கட்டங்களுள் 8 கட்டங்களையே அதனால் அடைய முடியும். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலேதான், தடையில்லாத தூரம் முழுவதும் செல்லும் இன்றைய ஆற்றல் இதற்குக் கிடைத்தது.

கட்டங்களைக் குறிக்கும் முறையையும் நினைவிற் கொள்க. வெள்ளையின் பக்கமிருந்து நோக்குமிடத்து, இடமிருந்து வலமாக உள்ள எட்டு நிரல்களும் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் எனப்படும். வெள்ளையின் அடியிலிருந்து மேல்நோக்கி நிரைகள் 1 முதல் 8 வரை எண்ணப்படும். ஏ1 கருங்கட்டம், எச்1 வெண்கட்டம், ஏ8 வெண்கட்டம், எச்8 கருங்கட்டம். இந்நான்கு மூலைகளின் நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியாதவன் மந்திரி இறுதியாட்டத்தைத் தொடங்குதல் ஆகாது.

1. வலியறிதல்

மந்திரியின் வலிமை யாது? வெறும் பலகையின் நடுவே நின்றால் 13 கட்டங்களை அது ஆளும். மூலையில் நின்றால் 7 கட்டங்களையே ஆளும். பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே நகர்த்தலில் செல்லவல்லது. ஆயினும், தான் பிறந்த நிறத்தை அது ஒருபோதும் விட்டு நீங்காது. 64 கட்டங்களுள் 32 அதற்கு எட்டாதன. இந்த ஒரு குறையை மறவாதிருப்பதே மந்திரி இறுதியாட்டத்தின் முதற் பாடமாகும்.

முதலாம் நிலை. வெள்ளை: அரசன் ஜி6, மந்திரி ஈ4, காலாள் எச்6. கறுப்பு: அரசன் எச்8. வெள்ளைக்கு ஒரு மந்திரியும் ஒரு காலாளும் மிகையாக உள்ளன. கறுப்புக்கோ அரசனைத் தவிர யாதும் இல்லை. இருந்தும் இது சமநிலையே. காலாள் அரசியாகவேண்டிய எச்8 கருங்கட்டம். வெள்ளையின் மந்திரியோ வெண்கட்டங்களில் உலவுவது. ஆதலின் மூலையிலுள்ள கறுப்பரசனை அதனால் வெளியேற்ற முடியாது. கறுப்பரசன் ஜி8, எச்8 என மாறி மாறிச் சென்றுகொண்டிருப்பான். மந்திரி ஜி8 என்னும் கட்டத்தை மறித்தாற் கறுப்பரசனுக்கு நகர வழியின்றிப் போகும். முற்றுகையின்றி நகர்வற்று நிற்றல் சதுரங்க விதிப்படி சமநிலையே.

இனி, வெள்ளை மந்திரியை ஈ4 இலிருந்து எடுத்து, கருங்கட்டமாகிய ஈ5 இல் வைத்து நோக்குக. கறுப்பரசன் உடனே முற்றுகைக்குள்ளாகின்றான். அவன் ஜி8 செல்ல, காலாள் எச்7 வந்து மீண்டும் முற்றுகையிடும். அவன் எஃப்8 செல்ல, காலாள் எச்8 இல் அரசியாகிவிடும். ஒரு கட்டம் வேறுபட்டமையால் முடிவு முற்றாக மாறிற்று. ஓரத்துக் காலாளோடு கூடிய மந்திரி, அக்காலாள் முடிவில் அடையும் மூலையின் நிறத்தினதாக இருத்தல் வேண்டும். அன்றேல், எதிரியின் அரசன் அம்மூலையை அடைந்தவுடன் வெற்றி கைவிட்டுப் போகும். இதனை அறிந்தவன், தோற்கும் நிலையிலும் ஓரத்துக் காலாள் ஒன்றை மட்டும் எதிரிக்கு விட்டுவைத்து, எஞ்சியவற்றை வெட்டிவிட்டுத் தன் அரசனை மூலைக்கு அனுப்பித் தப்புவான்.

இரண்டாம் நிலை. இரு மந்திரிகளும் கருங்கட்டத்தின. வெள்ளைக்கு ஒரு காலாள் மிகை. வெள்ளை: அரசன் ஈ4, மந்திரி சி3, காலாள் ஈ5. கறுப்பு: அரசன் ஈ6, மந்திரி ஈ7. கறுப்பரசன் காலாளின் முன்னே வெண்கட்டத்தில் நிற்கின்றான். கருங்கட்ட மந்திரி அவனை எவ்வாறு விரட்டும்? ஒருகாலும் விரட்டாது. ஆதலின் இதுவும் சமநிலையே. இதனால் நாம் பெறும் விதி இது: தற்காப்பவனின் அரசன், மந்திரியின் நிறமல்லாத ஒரு கட்டத்தில் காலாளின் முன்னே நின்றுவிட்டால் அஞ்சவேண்டுவதில்லை. காலாள் ஓடத் தொடங்கு முன்னரே அரசனை அதன் பாதைக்கு அனுப்புக.

வலியறிதலில் அடங்கும் மற்றொன்று காலாட்களை நிறுத்தும் முறை. 1921 முதல் 1927 வரை உலக வீரராக விளங்கிய கியூபா நாட்டுக் கபபிளாங்கா இதுபற்றித் தெளிவான விதி வகுத்தார். உன்னிடம் மந்திரி இருப்பின், உன் காலாட்களை அம்மந்திரியின் நிறமல்லாத கட்டங்களில் நிறுத்துக என்பது அவ்விதியின் சாரம். காரணம் எளிது. மந்திரியும் காலாட்களும் ஒரே நிறத்தில் நின்றால் மந்திரியின் பாதையைத் தன் காலாட்களே அடைத்துவிடும். மற்ற நிறத்துக் கட்டங்களைக் காப்பாரும் இலர்; அவற்றின் வழியே எதிரியின் அரசன் உள்ளே புகுவான். காலாள் ஒரு நிறத்தையும் மந்திரி மற்ற நிறத்தையும் காத்தலே இருவரும் தத்தம் தொழில் செய்தலாகும்.

ஆயினும், இவ்விதிக்கு ஒரு விலக்குண்டு. இரு மந்திரிகளும் வேறு வேறு நிறத்தினவாய், நாம் தற்காக்கும் பக்கமாகவும் இருப்பின், நம் காலாட்களை நம் மந்திரியின் நிறத்திலேயே நிறுத்தல் நன்று. அங்கே எதிரியின் மந்திரியால் அவற்றைத் தாக்க இயலாது. நம் மந்திரியோ அவற்றைக் காக்கும். விதியை மனனஞ் செய்தவனுக்கு விலக்குத் தெரியாது. காரணத்தை உணர்ந்தவனுக்கு விலக்கும் தானே விளங்கும்.

2. இடனறிதல்

தற்காக்கும் அரசன் காலாளின் முன்னே செல்ல முடியாமற் பின்தங்கிவிட்டால் என் செய்வது? அப்பொழுது காக்கும் பொறுப்பு மந்திரியின் மேலதாகின்றது. இத்தகைய நிலைகளை 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான செந்துரினி நுணுகி ஆராய்ந்தார். அவர் 1847இல் வெளிப்படுத்திய நிலையொன்று இன்றும் எல்லா இறுதியாட்ட நூல்களிலும் இடம்பெறும் தகுதியது. அதுவே நமது மூன்றாம் நிலை.

மூன்றாம் நிலை. வெள்ளை: அரசன் சி8, மந்திரி டி8, காலாள் பி7. கறுப்பு: அரசன் சி6, மந்திரி எச்2. வெள்ளை நகர்த்தவேண்டும்.

காலாள் இன்னும் ஓரடி வைத்தால் அரசியாகும். அதனைத் தடுப்பது எச்2 முதல் பி8 வரை செல்லும் நெடிய மூலைவிட்டத்தில் நிற்கும் கறுப்பு மந்திரி ஒன்றே. வெள்ளை உடனே சி7 இல் மந்திரியை இட்டு வழிமறித்தால் பயனில்லை. கறுப்பு மந்திரி அதனை வெட்டும். சி7 ஐக் கறுப்பரசன் காத்து நிற்பதால் வெள்ளையரசன் திருப்பி வெட்ட இயலாது. வேறொரு வழி உண்டு. வெள்ளை மந்திரி ஏ7 சென்று, பின் பி8 இல் அமர்ந்து, கறுப்பு மந்திரியை அந்நெடுவழியிலிருந்து துரத்தலாம். பி8 இற்குச் செல்லும் மற்றை வழி ஏ7, பி8 என்னும் இரண்டே கட்டங்களையுடையது. அங்கே கறுப்பு மந்திரி இளைப்பாற இடமில்லை. காலாளின் இடம் ஓரத்தை அடுத்து அமைந்தமையே இங்கு வெள்ளையின் பலம்.

நான்காம் நிலை. மேற்கூறிய நிலையைச் சிறிதும் மாற்றாது, எல்லாக் காய்களையும் இரண்டு நிரல் வலப்புறமாகத் தள்ளி வைக்க. கறுப்பு மந்திரியை மட்டும் காலாளைத் தடுக்கும் நெடுவழியின் கோடியில் இருத்துக. வெள்ளை: அரசன் ஈ8, மந்திரி எஃப்8, காலாள் டி7. கறுப்பு: அரசன் ஈ6, மந்திரி எச்4.

இப்பொழுது டி8 இற்குச் செல்லும் வழிகள் இரண்டையும் எண்ணுக. எச்4 இலிருந்து வரும் வழியில் டி8 உட்பட ஐந்து கட்டங்கள். ஏ5 இலிருந்து வரும் வழியில் டி8 உட்பட நான்கு கட்டங்கள். வெள்ளை மந்திரி டி8 இல் அமர்ந்து கறுப்பு மந்திரியை ஒரு வழியிலிருந்து துரத்தினால், அது ஈ1 போன்ற கட்டத்திற்குச் சென்று இரு வழிகளையும் நோக்கி நிற்கும். வெள்ளை மந்திரி ஒரு வழியை மறிக்க, அது மற்றை வழியைப் பற்றிக்கொள்ளும். ஏ5 இல் அதனைத் தாக்கினால் பி6 செல்லும். பி6 இல் தாக்கினால் ஏ5 இற்கு மீளும். துரத்துபவனுக்கு ஓய்வில்லை, ஓடுபவனுக்கு இடம் உண்டு. ஆட்டம் சமநிலை.

இவ்விரு நிலைகளையும் அடுத்தடுத்து ஆடிப்பார்க்கும் மாணவன் ஒன்றை உணர்வான். காய்கள் அவையே, ஒன்றுக்கொன்று அமைந்த முறையும் அதுவே. பலகையின் ஓரம் அண்மையிலிருந்ததோ சேய்மையிலிருந்ததோ என்பதொன்றே வேறுபாடு. நூலோர் வகுத்த விதியும் இதனையே கூறுகின்றது. தற்காக்கும் அரசன் காலாளைத் தாக்கிக்கொண்டு, எதிரியரசனுக்கு நேரெதிராக ஒரு கட்டம் இடைவிட்டு நிற்றல் வேண்டும். அவனுடைய மந்திரிக்கு இரு வழிகளிலும், தான் நிற்கும் கட்டமும் காலாள் அடையும் கட்டமும் நீங்கலாக, ஒதுங்க இடமிருத்தல் வேண்டும். இவை பொருந்திய நடுநிரற் காலாளை எதிர்த்துக் காக்கலாம். பி நிரலிற் குறுகிய வழி ஒடுங்கிவிடுவதாற் காக்க இயலாது.

இடனறியாமையால் வந்த தோல்விக்கு உலகறிந்த சான்றொன்றும் உண்டு. 1972 யூலையில் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் பொபி பிஷரும் பொறிஸ் ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்திற்காகப் பொருதனர். முதலாம் ஆட்டத்தில் இருபக்கமும் ஒரே நிற மந்திரியும் காலாட்களும் மட்டுமே எஞ்சின. ஆட்டம் சமநிலையை நோக்கிச் சென்றது. 29ஆவது நகர்த்தலிற் கறுப்புக் காய்களை ஆடிய பிஷர், எச்2 இல் நின்ற காலாளைத் தம் மந்திரியால் வெட்டினார். ஸ்பாஸ்கி ஜி நிரற் காலாளை ஜி3 இல் வைத்தார். மூலையருகே புகுந்த மந்திரிக்கு வெளியேற வழியில்லாதாயிற்று. அதற்குப் பின்னரும் ஆட்டத்தைக் காக்க வழியிருந்ததென ஆய்வாளர் கூறுவர். ஆயினும் 56ஆவது நகர்த்தலிற் பிஷர் தோல்வியை ஏற்றார். அப்போட்டியின் முடிவில் உலகப் பட்டம் பெற்றவர் பிஷரே என்பது எல்லோரும் அறிந்தது. அத்தகையார்க்கும் நேர்ந்த இடர் நமக்கு நேராதென எண்ணலாமோ? ஒரு காலாளை எடுக்குமுன் "எடுத்த மந்திரி மீள வழி யாது?" என்று வினவுதல் வேண்டும்.

3. காலமறிதல்

மூன்றாம் நிலையில் வெள்ளை வெல்லும் என்றோம். எவ்வாறு வெல்லும் என்பதை இன்னும் கூறவில்லை. அவ்வெற்றி ஒரே ஒரு நகர்த்தலின் அளவிலான காலத்தில் தங்கியிருக்கின்றது. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு பின்வருவனவற்றை ஆடுக. ஒவ்வோர் எண்ணிலும் முன்னுள்ளது வெள்ளையின் நகர்த்தல். பின்னுள்ளது கறுப்பின் நகர்த்தல்.

1. மந்திரி எச்4 — அரசன் பி5
2. மந்திரி எஃப்2 — அரசன் ஏ6

கறுப்பரசன் தக்க காலத்தில் வந்து ஏ7 ஐக் காத்துவிட்டான். வெள்ளை மந்திரி அங்கே சென்றால் வெட்டுண்ணும். வெற்றி நழுவியதுபோலத் தோன்றும். இப்பொழுது வெள்ளை செய்வது அவசரமற்ற ஒரு சிறு நகர்த்தல்.

3. மந்திரி சி5 — மந்திரி ஜி3

வெள்ளையின் நகர்த்தல் யாதொன்றையும் தாக்கவில்லை. ஆயின் கறுப்பு ஏதாவதொன்றை நகர்த்தியே ஆகவேண்டும். அரசன் ஏ6 ஐ விட்டு நீங்கினால், வெள்ளை மந்திரி ஏ7 சென்று, அரசன் மீண்டு வந்து தாக்கும்பொழுது பி8 இல் அமர்ந்துவிடும். ஆதலின் கறுப்பு மந்திரியே தன் கோடியிடமாகிய எச்2 ஐ விட்டு நகர்கின்றது. வெள்ளைக்கு வேண்டியதும் அதுவே.

4. மந்திரி ஈ7 — அரசன் பி6
5. மந்திரி டி8, முற்றுகை — அரசன் சி6

வெள்ளை மந்திரி சி7 இற்குச் செல்வதாக அச்சுறுத்தியமையால் கறுப்பரசன் ஏ7 ஐக் கைவிட்டுச் சி7 ஐக் காக்க ஓடிவந்தான்.

6. மந்திரி எச்4 — மந்திரி எச்2
7. மந்திரி எஃப்2

முதல் நகர்த்தலிலும் வெள்ளை எச்4 இற்கே சென்றது. ஆறாம் நகர்த்தலிலும் அங்கேயே சென்றது. வேறுபாடு யாது? இம்முறை கறுப்பு மந்திரி ஜி3 இல் நிற்பதால் அது தாக்கப்பட்டது. அதனைக் காப்பதற்குக் கறுப்பு ஒரு நகர்த்தலைச் செலவிட நேர்ந்தது. அந்நேரத்தில் அரசன் பி5 இற்குச் செல்ல முடியவில்லை. ஆட்டம் பின்வருமாறு முடியும்.

7. … அரசன் பி5
8. மந்திரி ஏ7 — அரசன் ஏ6
9. மந்திரி பி8 — மந்திரி ஜி1
10. மந்திரி ஜி3 — மந்திரி ஏ7
11. மந்திரி எஃப்2

கறுப்பு மந்திரி இதனை வெட்டினால் காலாள் அரசியாகும். வெட்டாவிடினும் வெள்ளை ஏ7 இல் மந்திரியை மாற்றிக்கொண்டு வெல்லும்.

மூன்றாம் நகர்த்தலிற் கறுப்பு மந்திரி எஃப்4 சென்றிருந்தால், ஆறாவதில் வெள்ளை ஜி5 இலிருந்து அதனைத் தாக்கும். ஈ5 சென்றிருந்தால் எஃப்6 இலிருந்து தாக்கும். இவ்விரண்டையும் மாணவர் தாமே ஆடி முடிவு காண்க. விடையை மட்டும் மனனஞ் செய்தவன் கறுப்பு வேறொன்றை ஆடியவுடன் திகைப்பான். 'எதிரியின் ஒரு நகர்த்தலைச் செலவழிக்கச் செய்தல்' என்னும் கருத்தைப் பற்றிக்கொண்டவன் எவ்வழியிலும் வெல்வான்.

4. வேறு நிற மந்திரிகள்

ஒருவனுக்குக் கருங்கட்ட மந்திரியும் மற்றவனுக்கு வெண்கட்ட மந்திரியும் எஞ்சினால், அவை ஒன்றையொன்று ஒருபோதும் சந்திப்பதில்லை. ஆதலின் ஒன்றல்ல, இரண்டு காலாட்கள் மிகையாயிருந்தும் வெல்ல இயலாது போவதுண்டு. தற்காப்பவனுக்கு இது பெரும் புகலிடம். ஆயினும் புகலிடத்தின் வாயில் எங்குள்ளது என்பதை அறிதல் வேண்டும்.

ஐந்தாம் நிலை. வெள்ளை: அரசன் எஃப்4, மந்திரி சி3, காலாட்கள் ஈ5, எஃப்5. கறுப்பு: அரசன் ஈ7, மந்திரி டி7. கறுப்பு மந்திரி டி7 இல் நின்றுகொண்டு இரு தொழில் செய்கின்றது. ஈ6 ஐக் காத்து ஈ நிரற் காலாளைத் தடுக்கின்றது. எஃப்5 இலுள்ள காலாளைத் தாக்கி, அதனைக் காக்கும் பொருட்டு வெள்ளையரசனையும் கட்டிவைக்கின்றது. எஃப் நிரற் காலாள் முன்னேறி முற்றுகையிட்டால், கறுப்பரசன் ஈ6 இல் அமர்ந்து இரு காலாட்களையும் முடக்கிவிடுவான். வெள்ளை வேறு நகர்த்தல்கள் செய்து பார்த்திருக்க, கறுப்பு மந்திரியைச் சி8, டி7 என மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆட்டம் சமநிலை.

ஆறாம் நிலை. எல்லாம் முன்போலவே, கறுப்பு மந்திரி மட்டும் டி7 இல் அன்றி எஃப்7 இல் நிற்கின்றது. வெள்ளை நகர்த்தவேண்டும். இப்பொழுதும் ஈ6 காக்கப்பட்டுள்ளது. ஆயின் எஃப்5 தாக்கப்படவில்லை. வெள்ளையரசன் கட்டவிழ்ந்தான். வெள்ளை மந்திரி பி4 சென்று முற்றுகையிடுகின்றது. கறுப்பரசன் டி அல்லது ஈ நிரலின் பக்கமே ஒதுங்கவேண்டும். எஃப்8 இற்குச் செல்லும் வழியை மந்திரி அடைத்துள்ளது. உடனே வெள்ளையரசன் மறுபுறமாக ஜி5 வழியே எஃப்6 இற்கு ஏறுகின்றான். அவன் துணையோடு காலாள் ஈ6 செல்லும், வெள்ளை வெல்லும். முற்றுகை முதலில், அரசன் பின்னர் என்னும் வரிசையைக் கவனிக்க. கறுப்பரசன் எப்பக்கம் ஒதுங்குகின்றான் என்பதைக் கண்ட பின்னரே மறுபக்கம் செல்லவேண்டும்.

இவ்விரு நிலைகளாற் பெறப்படும் விதி: தற்காக்கும் மந்திரி தடுத்தல் மாத்திரம் போதாது, தடுக்கும் கட்டத்திலிருந்தே தாக்கவும் வேண்டும்.

மிகையான இரு காலாட்களும் பிரிந்து நின்றால், அவற்றினிடையே உள்ள நிரல்களை எண்ணுக. ஒரு நிரல் மட்டும் இடைப்பட்டால் பெரும்பாலும் சமநிலை. இரண்டோ அதற்கு மேலோ இடைப்பட்டால் பெரும்பாலும் வெற்றி. அரசன் ஒரு காலாளையும் மந்திரி மற்றொரு காலாளையும் தடுக்க முயல்வர். தூரம் மிகுந்தால் ஒருவரையொருவர் உதவ இயலாது.

வெல்ல முயல்பவன் இத்தகைய ஆட்டத்தில் நம்பிக்கையிழத்தல் தகாது என்பதற்கு, 1998இல் இஸ்பானியாவின் லினாரஸ் நகரில் தொபலோவுக்கு எதிராகச் ஷிரொவ் ஆடிய ஆட்டம் சான்று. கறுப்புக்குக் காலாள் மிகை. ஆயின் மந்திரிகள் வேறு நிறத்தின. வெள்ளையரசன் தக்க இடத்தை அடைந்துவிட்டால் வெற்றி இல்லை. 47ஆவது நகர்த்தலிற் ஷிரொவ் எஃப்5 இல் நின்ற தம் மந்திரியை எச்3 இல் வைத்து, எதிரியின் காலாளுக்கு இரையாக்கினார். மந்திரி விலகிய கட்டத்தின் வழியே அவருடைய அரசன் விரைந்து ஈ4 ஐ அடைந்தான். ஒரு நகர்த்தல் முந்தியமையால் அவருடைய காலாட்களைத் தடுப்பாரில்லை. 53ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. காலத்தின் விலை ஒரு மந்திரி என அவர் கணித்தார், அக்கணிப்புப் பிழைபடவில்லை.

5. பயிலும் முறை

இவ்வாறு நிலைகளையும் ஆறு மாலைப்பொழுதுகளிற் பயிலலாம். ஒரு மாலைக்கு ஒரு நிலை போதும். அதற்குரிய ஒழுங்கு பின்வருமாறு.

முதலாவது, நிலையைப் பலகையில் வைத்து, காயைத் தொடுமுன் மூன்று வினாக்களுக்கு வாய்விட்டு விடை கூறுக: மந்திரியின் நிறமும் காலாள் அடையும் கட்டத்தின் நிறமும் ஒன்றா? மந்திரிக்குரிய வழிகளில் எத்தனை கட்டங்கள் உள? யார் நகர்த்தவேண்டும், அது அவனுக்கு நன்மையா தீமையா?

இரண்டாவது, தோழன் ஒருவனோடு அந்நிலையை இருமுறை ஆடுக. முதன்முறை வெள்ளையை ஆடியவன் அடுத்தமுறை கறுப்பை ஆடவேண்டும். வெல்லும் வழியை மாத்திரம் பயின்றவன் காக்கும் வழியை அறியான். எதிரியின் இடத்திலிருந்து நோக்கும்பொழுதே நம் திட்டத்தின் குறை புலனாகும். ஒவ்வொருவர்க்கும் பத்து நிமிடம் எனக் கடிகாரம் வைத்தல் நன்று. போட்டியில் இவை நேரக் குறைவிலேயே வரும்.

மூன்றாவது, ஆடிய நகர்த்தல்களை எழுதி வைக்க. எழுதாத பிழை மறுநாள் மறந்துபோகும். மறந்த பிழை மீண்டும் வரும்.

நான்காவது, நிலையைச் சிறிது மாற்றுக. ஒரு நிரல் இடமாகவோ வலமாகவோ தள்ளுக. காலாளை ஒரு கட்டம் பின்னே வைக்க. மற்றவனை நகர்த்தச் செய்க. முடிவு மாறுகின்றதா என முன்னரே எழுதிவிட்டுப் பின் ஆடுக.

ஐந்தாவதாகவே இயந்திரத்தின் உதவியை நாடுக. ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்குக் கணினிகள் பிழையற்ற முடிவைக் கணித்து அட்டவணையாக வைத்துள்ளன. அவ்வேலை 2012இல் நிறைவேறிற்று. இங்குக் கூறிய ஆறு நிலைகளும் அவ்வட்டவணைகளுள் அடங்கும். ஆகவே, தன் விடை சரியோ பிழையோ என்று எந்த மாணவனும் இன்று ஐயமறத் தெரிந்துகொள்ளலாம். முன்னோர்க்கு வாய்க்காத பெரும்பேறு இது. ஆயினும், கணக்கைச் செய்யுமுன் விடைப்பக்கத்தைப் புரட்டும் மாணவனுக்குக் கணக்கு வருவதில்லை. தான் ஆடித் தேடிய பின்னர் விடையைக் காண்பவனுக்கு அவ்விடை ஆசிரியன். முன்னரே காண்பவனுக்கு அது தாலாட்டு.

முடிவுரை

இறுதியாட்டம் பயில்வதால் வரும் பயன் சில புள்ளிகள் மட்டுமன்று. எல்லாம் இழந்தோம் என்று தோன்றும் வேளையிலும் முதலாம் நிலையிற் கறுப்பரசனுக்கு ஒரு மூலை இருந்தது. எல்லாம் வென்றோம் என்று தோன்றும் வேளையிலும் ஒரு நிறம் பிழைத்ததால் வெள்ளைக்கு வெற்றி இல்லையாயிற்று. ஆட்டத்தை அது முடிந்த பின்னரன்றி முடிந்ததாகக் கொள்ளாமையும், கைகொடுக்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்த்தலும் பலகையோடு நின்றுவிடும் குணங்கள் அல்ல.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழாவிற்காகவோ வேறு காரியமாகவோ கல்லூரிக்கு வருங்கால், சதுரங்கக் கழகத்தார் கூடியிருக்கும் அறைக்கும் ஒருமுறை வருக. ஒரு மாணவனை எதிரே இருத்தி, மேற்கூறிய நிலைகளுள் ஒன்றை வைத்து, இருபக்கமும் மாறி ஆடுக. நுமக்கு அரைமணிநேரம் செல்லும். அவனுக்கு ஒரு பாடம் நிலைக்கும். மாணவர்காள், வரும் பெரியோர் மூன்றாம் நிலையைக் கேட்பாராயின், வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நகர்த்தலில் மட்டும் அவசரப்படாதீர்கள்.